பொட்டு பெட்டிக்கு மட்டும்

ஆய்வு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன ஆயுத பூஜைக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சால்வையும் ஒரு பை பொரியும் கொடுத்து அனுப்புவது நம் தொழிற்சாலை வழக்கம். சால்வை என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. பொரிக்காகத்தான் கெலமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். அன்றைக்கு உங்களில் ஒரு பெண், பர்கூர் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள், என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா, லேத்துக்கு வெக்கறாங்க, மில்லிங்குக்கு வெக்கறாங்க, தள்ளுவண்டிக்குக் கூடப் பொட்டு வெக்கறாங்க. நம்ம ரூம்ல மட்டும் வெர்னியருக்கு வெக்காம அது பெட்டிக்கு வெக்கறீங்களே, அது என்ன சாங்கியம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த ஒருவர், "அது அந்தக் காலத்துலருந்து வர்ற ஐதீகம்மா, மாத்தக் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொரி புரையேறிவிட்டது. அந்த ஐதீகத்தை உண்டாக்கியவள் நான்தான். பக்தியால் அல்ல, ஒரு பெரிய தப்பால். அந்தத் தப்பை எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. ஐதீகம் என்று சொல்லிக்கொண்டே போனால் இன்னும் பத்து வருடத்தில் அதற்கு ஒரு மந்திரமும் சேர்ந்துவிடும்.

முதலில் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் படித்ததை நான் திரும்பச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க வேண்டியதில்லை. நான் கருவிகளை வேறு மாதிரி பிரித்து வைத்திருக்கிறேன். நம் தப்பை யார் யார் எப்படிக் கோள் சொல்வார்கள் என்பதுதான் என் கணக்கு.

டிவைடர் இருக்கிறதே, அது உடனே கோள் சொல்லிவிடும். நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஆய்வு அறைத் தலைவர் என் கையில் ஒரு டிவைடரைக் கொடுத்து, ஒரு தகட்டில் வட்டம் போட்டு, அதை எட்டாகப் பிரிக்கச் சொன்னார். இரண்டு கூர்முனையையும் மாற்றி மாற்றி ஊன்றி வட்டத்தின் மேல் நடந்தேன். ஏழு அடி அழகாகப் போனது. எட்டாவது அடி தொடங்கிய புள்ளியில் வந்து விழவில்லை, பக்கத்து வீட்டில் போய் விழுந்தது. ஒவ்வோர் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத பிழை, எட்டும் சேர்ந்து கடைசியில் வெளியே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "யாக்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். கன்னடத்தில் யாக்கே என்றால் ஏன். ஓசூரில் இதை யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கம்பெனி பஸ்ஸில் கன்னடம், சண்டை என்றால் மூன்றும். ஆனாலும் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் மெஷின்கள் ஓடும் மொத்த ஷாப்பும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். அளவு தப்பாக வந்தாலும் யாக்கே, சரியாக வந்தாலும் யாக்கே. சரியாக வந்ததற்குக் கூடவா காரணம் கேட்பார் ஒரு மனிதர் என்று நான் அந்த நாளில் பல்லைக் கடித்திருக்கிறேன்.

அடுத்து ஸ்பிரிங் காலிபர். எண் கிடையாது, கோடு கிடையாது. இரண்டு கால், மேலே ஒரு வில், நடுவில் ஒரு திருகு. வெளி அளவு எடுப்பதற்கு உள்ளதன் கால்கள் தொப்பைக்காரரைக் கட்டிப்பிடிக்க வருவது போல வளைந்திருக்கும். உள் அளவு எடுப்பதற்கு உள்ளதன் பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அதைத் துளைக்குள் விட்டு, சுவரை லேசாக உரசும் வரை விரித்து, அப்படியே வெளியே எடுத்து வேறொரு கருவியில் அளக்க வேண்டும். அதுவாக எதையும் சொல்லாது. உங்கள் விரல் என்ன உணர்ந்ததோ அதைத்தான் தூக்கிக்கொண்டு வரும். விரல் நிதானமாக இருந்தால் அளவும் நிதானமாக இருக்கும்.

இந்த ஸ்பிரிங் காலிபரைப் பிடிப்பதில் எங்கள் ஷாப்பில் ஒருவர் பெரிய கெட்டிக்காரர். பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். துளை கடையும் மெஷினில் ஒப்பந்தத் தொழிலாளி. மேல்சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள், அவர் உள் காலிபர் வைத்திருப்பார். கருவி அறையிலிருந்து கொடுத்ததல்ல, சொந்தமாக வாங்கியது. அதில் அவருக்கு ஒரு கர்வம். எனக்கு ஆய்வாளர் என்ற கர்வம். அதனால் எங்களுக்குள் அவ்வளவாக ஆகாது.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு லாட், அதாவது ஒன்றாகச் செய்து அனுப்பிய உருப்படிகள், சரியில்லை என்று ஆய்வாளர் முடிவு செய்தால் ஒரு சிவப்பு அட்டை எழுதி அதில் கட்டுவார். அட்டையில் வேலை செய்தவர் பெயர், கண்டுபிடித்தவர் பெயர், காரணம். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் பெயரில் ஒரே வருடத்தில் மூன்று அட்டை விழுந்தால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வருடம் இசக்கிமுத்து பெயரில் ஏற்கெனவே இரண்டு அட்டை. முதலாவதை வேறொருவர் எழுதினார். இரண்டாவதை நான் எழுதினேன், அது சரியான அட்டைதான். ஒரு துளைக்குள்ளே நடுவில் வளையம் உட்காருவதற்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது. வாய் சிறியது, உள்ளே பள்ளம் அகலமானது. காலிபரைப் பள்ளத்தில் விரித்துவிட்டால் அப்படியே வெளியே எடுக்க முடியாது, வாயில் தட்டும். நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? திருகை மூன்று சுற்று சுருக்கி, வெளியே எடுத்து, மறுபடி மூன்று சுற்று விரித்து அளந்திருக்கிறார். மூன்று சுற்று என்று எண்ணியதில் கால் சுற்று எங்கேயோ போய்விட்டது. முப்பது உருப்படி வீண். இந்த வேலைக்கென்றே கூடுதலாக ஒரு சிறு கால் வைத்த காலிபர் கருவி அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. சுருக்கி வெளியே எடுத்த பிறகு பழைய அகலத்துக்கே சரியாக வந்து நிற்கும் வகை. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே" என்றேன்.

"கையி சொல்லும்னு நெனச்சிட்டேன் மேடம். தப்புதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து என் மனதில் ஒன்று உட்கார்ந்துவிட்டது. இந்த ஆள் விரலை நம்புகிறவர், நான் எண்ணை நம்புகிறவள், நான் ஜெயித்தேன். பின்னால் வந்த வினைக்கெல்லாம் இந்த நினைப்புதான் விதை. ஓர் ஆள் ஒருமுறை தவறியதைப் பார்த்தவர்கள் மறுமுறை அவர் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. நானும் வாங்கவில்லை.

இப்போது வெர்னியருக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்கு இரண்டு வாய். கீழே பெரிய தாடை, வெளி அளவுக்கு. மேலே சின்ன மூக்கு, உள் அளவுக்கு. இரண்டும் ஒரே சட்டத்தில் ஒன்றாக நகரும். பழைய வெர்னியரில் கோடுகளைப் பார்த்துப் படிக்க வேண்டும். தாடையை மூடினால் சுழியும் சுழியும், அதாவது இரண்டு பூஜ்யக் கோடும், நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நிற்கவில்லைதான், அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பிடிவாதக்காரக் கருவி. எங்கள் அறைக்கு டிஜிட்டல் வெர்னியர் வந்தபோது அதில் ஜீரோ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் போதும், எந்த இடத்தில் நின்றாலும் அதுதான் சுழி என்று ஒப்புக்கொள்ளும். இவ்வளவு பணிவான கருவியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அது வந்து இரண்டாவது வருடம் இது நடந்தது.

ஆயுத பூஜை. இரண்டு நாள் விடுமுறைக்கு முந்தைய மதியம், எல்லா மெஷினையும் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து ஒரே அமளி. ஆய்வு அறையில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. டிஜிட்டல் வெர்னியரை மேசையில் ஒரு துணி விரித்துப் படுக்க வைத்து, பெரிய தாடையில் நல்ல கெட்டிச் சந்தனமாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். மனம் நிறைந்து வைத்தேன். தீபாராதனை முடிந்ததும் தாடையை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்தேன். தலைவர் ஊரிலிருந்து வரவில்லை, இன்னும் ஒரு நாள் லீவு சொல்லியிருந்தார். அறைக்கு அன்றைக்கு நான்தான் ராணி. வெர்னியரை எடுத்து மேலே இருந்த பொட்டைத் துணியால் துடைத்தேன். தாடையை மூடினேன். சுழி வரவில்லை, 0.08 காட்டியது. பேட்டரி வேலையாக இருக்கும் என்று நினைத்து பொத்தானை அழுத்தினேன். சமர்த்தாக 0.00 காட்டியது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஐம்பது மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜை, அதாவது அளவு உறுதி செய்த எஃகுக் கட்டையை, தாடையில் வைத்துப் பார்த்தேன். 50.00. இதற்குமேல் ஒருத்தி என்ன செய்ய முடியும்? அப்படித்தான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு இசக்கிமுத்துவின் லாட் வந்தது. அறுபது பம்பு ஹவுசிங், அதாவது பம்பின் வெளிக்கூடு. துளை 62.00-லிருந்து 62.10-க்குள் இருக்க வேண்டும். வழக்கமாக அந்த வேலைக்கு உள்ள, துளைக்குள் செருகிப் பார்க்கும் பிளக் கேஜ் அப்போது சோதனைக்காக வெளியே போயிருந்தது, அதனால் வெர்னியர்தான். மேல் மூக்கைத் துளைக்குள் விட்டேன். 61.96. அடுத்தது 61.97. அடுத்தது 61.96. பத்து எடுத்துப் பார்த்தேன், பத்தும் சிறியது. மூன்றாவது அட்டை. சந்தோஷமாக எழுதினேன் என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள், ஆனாலும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் எழுதினேன். என் கணிப்பு சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம்.

அவர் வந்து அட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எம் போரு சரியாத்தான் இருக்கு மேடம். தொளையப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். அறுவத்திரண்டுக்கு மேல பாயிண்ட் ஜீரோ நாலு வச்சிருக்கேன்."

"கையி சொல்லுச்சா?" என்றேன்.

அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். கிருஷ்ணகிரிக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவசரத்திலேயே பிறந்தவர். "ரத்னம்மா, நாலு மணிக்கு வண்டி வந்துருது. இன்னிக்கு இது போகலைன்னா அங்க கஸ்டமர் லைனே நின்னுடும். சின்னதாத்தான இருக்கு? பாயிண்ட் ஜீரோ எட்டு எடுத்துட்டா சரியாயிடுமில்ல?"

"சரியாயிடும்" என்றேன்.

அவர் ஒரு ஹவுசிங்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மெஷினில் மாட்டி 0.08 கடையச் செய்து கொண்டு வந்தார். அளந்தேன். 62.04. "இப்ப ஓகே" என்றேன். மீதி ஐம்பத்தொன்பதையும் தள்ளுவண்டியில் ஏற்றி மெஷினுக்குத் தள்ளச் சொன்னார்.

இசக்கிமுத்து அந்தத் தள்ளுவண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். சத்தம் போடவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ், நகருய்யா" என்றார் சூப்பர்வைசர். "சொன்ன வேலைய செய்யலன்னு அதுக்கு வேற எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க சார். மூணு விழுந்தாச்சு, நாலா விழட்டும். நல்ல போருல கை வைக்க விட மாட்டேன். வச்சா அம்புட்டும் பெருசாப் போயிரும், ஒட்ட வைக்க முடியாது பாத்துக்கிடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, பையிலிருந்த காலிபரை எடுத்து நீட்டினார். "எங் கைய நம்ப வேண்டாம் மேடம். ஒங்க கையால புடிங்க. எடுத்து ஒங்க வெர்னியர்லயே வச்சுப் பாருங்க. ஒங்க வெர்னியரு என்ன சொன்னாலும் ஒத்துக்கிடுதேன்."

அவர் என் கருவியையே நீதிபதியாக வைத்துவிட்டார். அதற்கு நான் எப்படி மாட்டேன் என்பது? மணி பன்னிரண்டாகப் போகிறது. நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். காலிபரை வாங்கித் துளைக்குள் விட்டு, திருகை மெல்ல மெல்லத் திருகி, சுவரில் லேசாக உரசும் இடத்தில் நிறுத்தி வெளியே எடுத்தேன். அதன் இரு பாதங்களுக்கு மேல் வெர்னியரின் பெரிய தாடையை வைத்தேன்.

62.04.

நான் எங்கோ தவறியிருப்பேன் என்று மறுபடி எடுத்தேன். 62.04. மூன்றாவது தடவை 62.05. அதே துளையில் மேல் மூக்கை விட்டுப் பார்த்தேன். 61.96. ஒரே வெர்னியர், ஒரே துளை, கீழ் வாய் ஒன்று சொல்கிறது, மேல் வாய் இன்னொன்று சொல்கிறது. நடுவே எட்டு வித்தியாசம். காலையில் பொத்தானை அழுத்தி நான் மறைத்த அதே எட்டு.

அந்த நிமிடத்தில் என் காதுக்குள் யாரோ "யாக்கே?" என்று கேட்டது போல இருந்தது.

தாடையை நன்றாக விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள் முகத்தில், ஒரு பக்கம், லேசான மஞ்சள் படலம். மூடி வைத்தபோது ஈரச் சந்தனம் இடுக்கில் இறங்கி, இரண்டு நாளில் கல்லாகக் காய்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். வாசனை வந்தது. பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, "சந்தனமாம்மா?" என்றார். சுரண்டிய நகத்தை அவர் மூக்கருகே நீட்டினேன்.

நடந்தது இதுதான். சந்தனத்தின் மேல் தாடையை மூடி அதைச் சுழி என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். வெளி அளவு எடுக்கும்போது அந்தச் சந்தனமும் தாடையோடு சேர்ந்து தொடும், அதனால் கணக்கு சரியாக வரும். ஸ்லிப் கேஜ் 50.00 காட்டியது அதனால்தான். மேல் மூக்கில் சந்தனம் இல்லை. அது துளையைத் தொடும்போது எட்டு குறைத்துச் சொல்லும். நான் சோதித்தது உண்மை. ஆனால் அளக்கப்போவது உள் அளவு, சோதித்ததோ வெளி அளவு. பொய் சொல்லாத வாயிடம் சாட்சி கேட்டுவிட்டு, பொய் சொல்லும் வாயை நம்பியிருக்கிறேன்.

மீதி எல்லாம் வேகமாக நடந்தது. தாடையைச் சுத்தம் செய்து, சுழி வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஐம்பத்தொன்பதையும் அளந்தேன். ஐம்பத்தொன்பதும் நல்லவை. சூப்பர்வைசர் கடையச் செய்த அந்த ஒன்று மட்டும் 62.12. பெரிதாகிவிட்டது, அதற்கு மருந்து கிடையாது. நான் ஓகே என்று சொன்ன ஒன்று. வண்டி நாலு மணிக்கு வந்து நாலரைக்குப் போய்விட்டது.

இனிதான் உண்மையான சிக்கல். எழுதிய அட்டையைக் கிழிக்க முடியாது, எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. குறுக்கே கோடு போட்டு, ஏன் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கெட்டுப்போன ஒரு ஹவுசிங்குக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். எங்கள் விதிப்படி அது யார் துளை கடைந்தாரோ அவர் பெயரில், அதாவது இசக்கிமுத்து பெயரில். ரத்து செய்த மூன்றாவது அட்டையின் இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரத்னம்மா, அந்த ஒரு பீஸ்ல வார்ப்புல ஓட்டை இருந்துச்சின்னு ஸ்கிராப்புல போட்டுடலாம். அவனுக்கும் ஒண்ணும் ஆகாது, உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. ரத்துக்குக் காரணம், அட்டை தப்பா எழுதியாச்சின்னு போடுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. பதினெட்டு வருடம் அந்த அறையில் ஒரு தப்பு இல்லாமல் இருந்தவள். நான் சேர்ந்தபோது, பொம்பளை கையில் வெர்னியரைக் கொடுத்தால் வளையல் அளப்பாள் என்று கேலி செய்தவர்கள் அதே ஷாப்பில் இன்னும் இருந்தார்கள். இப்போது சந்தனம் என்று எழுதினால் என் பேர் ஓய்வு பெறும் வரை சந்தனம்தான். அட்டையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அறைக் கண்ணாடி வழியாக இசக்கிமுத்து தெரிந்தார். என்னைப் பார்க்கவில்லை. மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசிக்கிற மனிதனின் முதுகு எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

வார்ப்பில் ஓட்டை என்று எழுதினால் அவர் தப்பித்துவிடுவார், உண்மைதான். ஆனால் அடுத்த பூஜைக்கு இன்னொருத்தி இன்னொரு வெர்னியரில் சந்தனம் வைப்பாள். அன்றைக்கு வண்டிக்கு முன்னால் நிற்க ஓர் இசக்கிமுத்து இருப்பார் என்று யார் சொன்னது? பேனாவை எடுத்தேன். முதல் அட்டையில் கோடு போட்டு, ரத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "ஆயுத பூஜைச் சந்தனம் தாடையில் இருந்தது. ஏன் என்று கேட்காமல் ஜீரோ அழுத்தினேன்" என்று எழுதினேன். கெட்டுப்போன ஹவுசிங்குக்கு இரண்டாவது அட்டை எடுத்து, வேலை செய்தவர் பெயர் என்ற இடத்தில் ரத்னம்மா என்று எழுதினேன். ஆய்வாளர் பெயரில் சிவப்பு அட்டை அதற்குமுன் எங்கள் தொழிற்சாலையில் எழுதப்பட்டதில்லை. எழுதலாமா என்று கூட எனக்குத் தெரியாது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டேன். அங்கே யார் பெயர் போடுவது?

மறுநாள் தலைவர் வந்தார். இரண்டு அட்டையையும் மேசையில் வைத்தேன். நிதானமாகப் படித்தார். "யாக்கே?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானிலிருந்து வார்ப்பு ஓட்டை வரை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சொன்னேன். அவர் வெர்னியரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, ஷாப்புக்குள் போய், இசக்கிமுத்துவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஆய்வு அறைக்குள் மெஷின்காரர்கள் செருப்போடு வரக்கூடாது. இசக்கிமுத்து வாசலில் தயங்கினார். தலைவர் "பார்ப்பா, பரவாயில்லா" என்று, வாப்பா பரவாயில்லை என்று தன் கன்னடத்தில் சொல்லி உள்ளே இழுத்து, நாற்காலியில் உட்கார வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தார். காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"எதுக்கு சார்?" என்றார் இசக்கிமுத்து. "மேடம்தான கண்டுபுடிச்சாக."

"நான் கண்டுபிடிக்கல. நீங்க சொல்லி நான் பாத்தேன். போடுங்க" என்றேன்.

போட்டார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. விரல் அவ்வளவு நிதானமான மனிதருக்குப் பேனா மட்டும் பழக்கமில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "யக்கா, அன்னைக்கு அந்தப் பள்ளத்துக்கு ஒரு காலிபர் இருக்குன்னீங்களே, அத எடுத்துக் காட்டுவீங்களா?" என்றார். மேடம் போய் அக்கா வந்துவிட்டது. அது அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த வருடம் அவர் பெயரில் இரண்டு அட்டைதான். அடுத்த வருடம் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வருடம் நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கும் உங்கள் ஷாப்பில் மூன்றாவது மெஷினில் நிற்கிறார், தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார். சட்டைப் பையில் காலிபரும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு டிஜிட்டல் வெர்னியரும் இருக்கிறது. எது நல்லது என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளட்டும் என்பார்.

என்னைச் சில மாதம் சந்தனம் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் சுட்டது. பிறகு பழகிவிட்டது. பிறகு எனக்கே பிடித்துவிட்டது. அடுத்த பூஜைக்கு நானே எல்லா வெர்னியரையும் எண்ணெய் தடவிப் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியின் மேல் பொட்டு வைத்தேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களுக்கு ஐதீகமாகிவிட்டது.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். ஆய்வு அறை அலமாரியில், இரண்டாவது தட்டில், மூலை கொஞ்சம் உடைந்த ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அந்த வெர்னியர் இன்னும் வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு நிறம் போய் ரோஜா நிறமாகிவிட்ட ஓர் அட்டை இருக்கும். வேலை செய்தவர்: ரத்னம்மா. கண்டுபிடித்தவர்: இசக்கிமுத்து. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். என் முப்பது வருட வேலையில் நான் எழுதிய அட்டைகளில் பத்திரப்படுத்தத் தோன்றியது அந்த ஒன்றைத்தான்.